சயாமின் 3 சதவீத முடிச்சு: ஒரு சட்டப் பேராசிரியர் தூதரான கதை

பேங்காக்கில் பழைய அரண்மனைப் பகுதியில் 'கல்யாண மைத்ரி' என்று ஒரு சாலை இருக்கிறது. தாய்லாந்துக்காரர்கள் சொல்லும்போது 'கன்லயானமைத்ரி' என்று காதில் விழும். நமக்கு அகராதி வேண்டாம், நல்ல நட்பு என்று பொருள். தாய்லாந்தின் பழைய பெயர் சயாம். சயாம் மன்னர்கள் தங்களுக்கு உதவிய வெளிநாட்டு ஆலோசகர்களுக்குக் கொடுத்த பட்டங்களில் 'பிரயா கல்யாண மைத்ரி' ஒன்று. அதைத் தாங்கிய யென்ஸ் வெஸ்டன்கார்டும் ஃபிரான்சிஸ் செயரும் அமெரிக்கர்கள், இருவருமே ஹார்வர்டில் சட்டம் கற்பித்தவர்கள். இங்கே பேசப்போவது செயரைப் பற்றி.

அவருடைய வாழ்க்கையை மட்டும் சொன்னால் பாதிதான் புரியும். அவர் அவிழ்க்கப் போன முடிச்சு என்ன என்று முதலில் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு எக்ஸ்ட்ராடெரிட்டோரியாலிட்டி என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். தமிழில் நிலைத்த சொல் ஒன்றும் இல்லாததால் இந்தக் கட்டுரைக்கு 'தனிக்கோர்ட்டு உரிமை' என்று வைத்துக்கொள்கிறேன்.

தனிக்கோர்ட்டு என்றால் என்ன?

1880 வாக்கில் பேங்காக் ஆற்றங்கரைச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். சயாம் வியாபாரி ஒருவர் ஆங்கிலேயர் ஒருவருக்கு நூறு மூட்டை அரிசி கடனுக்குக் கொடுத்திருக்கிறார். பணம் வரவில்லை. கேஸ் போட வேண்டும். ஊர் வியாபாரியுடையது, அரிசியும் அவருடையது, ஏமாந்தவரும் அவர்தான். ஆனால் கேஸை விசாரிக்கப்போவது பேங்காக்கில் உள்ள பிரிட்டிஷ் கான்சல், அதாவது பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி. சட்டம் ஆங்கிலச் சட்டம். எதிராளி பிரெஞ்சுக்காரராக இருந்தால் பிரெஞ்சு கான்சலிடம் போக வேண்டும், டச்சுக்காரராக இருந்தால் டச்சு கான்சலிடம். குற்ற வழக்கிலும் இதே கதைதான். சந்தையில் ஒரு வெள்ளைக்கார மாலுமி கத்தியால் குத்தினாலும் சயாம் நீதிபதி அவரை விசாரிக்க முடியாது.

இதைத் தூதர்களுக்கு இன்று இருக்கும் சட்டப் பாதுகாப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. டெல்லியில் உள்ள ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரியைக் கைது செய்ய முடியாது என்றால், அந்த நாட்டில் உள்ள நம் அதிகாரிக்கும் அதே பாதுகாப்பு உண்டு. அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான். தனிக்கோர்ட்டு உரிமை அப்படியில்லை. வியாபாரி, மாலுமி, பாதிரியார், ஊர் சுற்ற வந்தவர் என்று அந்த நாட்டுப் பிரஜை அத்தனை பேருக்கும் அது கிடைத்தது. அதோடு அது ஒருவழிப் பாதை. லண்டனில் தவறு செய்த சயாம்காரரை விசாரிக்க அங்கே சயாம் கோர்ட்டு எதுவும் கிடையாது.

போகப்போக இதில் இன்னொரு கூத்து சேர்ந்தது. 'பிரிட்டிஷ் பிரஜை' என்றால் வெள்ளைக்காரர் மட்டும் இல்லையே. பர்மாக்காரர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரும் அதில் அடக்கம். சீலோம் சாலையில் உள்ள மகா மாரியம்மன் கோயிலை 19ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர்கள் பேங்காக்கில் குடியேறிய தமிழர்கள். அந்தக் காலத்தில் நம் பக்கமிருந்தோ பினாங்கிலிருந்தோ போன ஒரு தமிழ் வியாபாரி கான்சல் அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொண்டால், சயாம் போலீஸைப் பொறுத்தவரை அவரும் பிரிட்டிஷ் ஆள்தான். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். தங்கள் காலனியான இந்தோசீனாவோடு ஏதோ ஒரு தொடர்பு காட்டியவர்களுக்கெல்லாம், பேங்காக் சீனர்கள் உட்பட, பாதுகாப்புச் சீட்டு கொடுத்தார்கள். சொந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஆள் ஒரு காகிதத்தைக் காட்டிவிட்டு சயாம் சட்டத்திலிருந்து நழுவிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. ஓர் அரசுக்கு இதைவிட அவமானம் வேறு இல்லை.

3 சதவீதம்

இதெல்லாம் தொடங்கியது 1855இல். ஹாங்காங் ஆளுநராக இருந்த சர் ஜான் பௌரிங், மன்னர் மோங்குட்டோடு செய்த ஒப்பந்தத்தில். அதில் கோர்ட்டு விஷயத்தைவிட வலித்தது வரி விஷயம். இறக்குமதிச் சரக்குக்கு 3 சதவீதத்துக்கு மேல் சுங்கம் போடக் கூடாது. 100 பாட் மதிப்புள்ள மான்செஸ்டர் துணி வந்து இறங்கினால் அரசுக்கு 3 பாட். அவ்வளவுதான். அடுத்த ஆண்டே அமெரிக்காவும் பிரான்சும் வந்து அதே போன்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கின. பிறகு டென்மார்க், போர்ச்சுகல், நெதர்லாந்து, பிரஷ்யா என்று வரிசை நீண்டது.

ரயில் போட, பள்ளிக்கூடம் கட்ட, ராணுவத்துக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும்? சுங்கத்தைத் தொட முடியாது. ஆகவே அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் குத்தகைப் பணத்தில் அரசு ஓடியது. சூதாட்ட விடுதிகளை மூட வேண்டும் என்று அரசுக்கே ஆசை இருந்தும், அந்த வருமானத்துக்கு மாற்று இல்லாமல் இழுத்துக்கொண்டே போய், கடைசி விடுதிகளை 1917இல்தான் மூட முடிந்தது. கோர்ட்டு உரிமை மானப் பிரச்சினை என்றால் இது வயிற்றுப் பிரச்சினை.

சரி, பிடிக்காத ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டியதுதானே என்று தோன்றும். பௌரிங் ஒப்பந்தத்தில் 10 ஆண்டுகளுக்குப் பிறகு, 12 மாத முன்னறிவிப்போடு, திருத்தம் கேட்கலாம் என்று ஒரு பிரிவு உண்டு. கேட்கலாம். மறுதரப்பு ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன என்று அதில் இல்லை. முடிவுத் தேதியும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் காலாவதி போட மறந்துவிட்டு, வாடகையை உயர்த்தக் குடித்தனக்காரரின் சம்மதம் வேண்டும் என்று எழுதிவைத்த வீட்டுக்காரரின் கதிதான் சயாமுக்கு. ஒரே வித்தியாசம், இந்தக் குடித்தனக்காரரிடம் பீரங்கிப் படகு இருந்தது. 1893இல் பிரெஞ்சுப் படகுகள் சாவோ பிரயா ஆற்றுக்குள் சுட்டுக்கொண்டே நுழைந்து பேங்காக் வரை வந்ததை சயாம்காரர்கள் மறக்கவில்லை.

இதற்கு மேல் இன்னொரு பூட்டு. 2019இல் பாகிஸ்தானுக்குத் தந்திருந்த 'வர்த்தகத்துக்கு உகந்த நாடு' அந்தஸ்தை இந்தியா ரத்து செய்தது என்று செய்தியில் படித்திருப்பீர்கள். பெயரைப் பார்த்தால் ஏதோ தனிச்சலுகை போலத் தெரியும். உண்மையில் அதன் பொருள், 'வேறு யாருக்கு எந்தச் சலுகை கொடுத்தாலும் அதை எனக்கும் கொடு' என்பதுதான். சயாமின் ஒப்பந்தங்களிலும் இந்தப் பிரிவு இருந்தது. விளைவைப் பாருங்கள். ஒரு நாடு பெரிய மனதோடு 'நீ வரியை உயர்த்திக்கொள்' என்றாலும், மற்ற நாட்டுக்காரர்கள் பழைய 3 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அந்த நாட்டுச் சரக்குக்கும் 3 சதவீதம்தான். எல்லாரும் சேர்ந்து விட்டுக்கொடுக்க வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தாலும் முடிச்சு அப்படியே இருக்கும்.

நிலம் கொடுத்து வாங்கிய நீதி

செயர் வருவதற்கு முன்பே சயாம் சும்மா இருக்கவில்லை. 1907இல் பிரான்சுக்கு பட்டாம்பாங், சியாம் ரியாப் பகுதிகளைக் கொடுத்தது. அங்கோர் வாட் இருக்கும் இடம் அது. பதிலுக்கு பிரான்சின் ஆசியப் பிரஜைகள் மீதான விசாரணை உரிமையில் பெரும்பகுதி கிடைத்தது. 1909இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மலாய் நாடுகளின் மீதிருந்த உரிமையை பிரிட்டனிடம் ஒப்படைத்தது. கெடா என்றால் நம் கல்வெட்டுகளில் வரும் கடாரம்தான். பதிலுக்கு பிரிட்டிஷ் பிரஜைகள் நிபந்தனைகளோடு சயாம் கோர்ட்டுகளின் கீழ் வந்தார்கள், தெற்கு ரயில் பாதைக்கு 40 லட்சம் பவுண்டு கடனும் கிடைத்தது. சொந்த மண்ணில் நீதி சொல்லும் உரிமையை வாங்க மண்ணையே விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்புறம் முதல் உலகப்போர். 1917 ஜூலையில் சயாம் நேச நாடுகள் பக்கம் சேர்ந்து, சுமார் 1,300 பேர் கொண்ட படையை பிரான்சுக்கு அனுப்பியது. ஜெர்மனியோடும் ஆஸ்திரியா-ஹங்கேரியோடும் இருந்த ஒப்பந்தங்கள் போர் அறிவித்ததோடு போயின. பாரிஸ் சமாதான மாநாட்டில் உட்கார இடம் கிடைத்தது. அங்கே காது கொடுத்துக் கேட்டவர் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன். 1920 டிசம்பரில் அமெரிக்கா புதிய ஒப்பந்தம் போட்டது. தனிக்கோர்ட்டை நிலம் எதுவும் கேட்காமல் விட்டுக்கொடுத்தது. வரி உரிமையையும் கொடுத்தது, ஆனால் மற்ற நாடுகளும் ஈடு கேட்காமல் அதையே கொடுத்தால்தான் செல்லும் என்றது.

அதாவது கதவில் இருந்த பத்துப் பன்னிரண்டு பூட்டில் ஒன்று திறந்தது. மற்றவற்றைத் திறக்க ஆள் வேண்டும்.

மாளிகையில் கல்யாணம், வகுப்பறையில் வேலை

ஃபிரான்சிஸ் போஸ் செயர் 1885இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். அப்பா ராபர்ட் செயர் லீஹை பள்ளத்தாக்கு ரயில் கம்பெனியின் பெரிய பொறியாளர், அவர் பெயரில் ஓர் ஊரே இருக்கிறது. மகன் வில்லியம்ஸ் கல்லூரியிலும், பிறகு ஹார்வர்ட் சட்டப் பள்ளியிலும் படித்து 1912இல் வெளியே வந்தார். கொஞ்ச காலம் நியூயார்க்கில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை.

1913 நவம்பர் 25 அன்று வெள்ளை மாளிகையின் கிழக்கு அறையில் அவருக்குக் கல்யாணம். மணப்பெண் ஜெஸ்ஸி, அதிபர் வில்சனின் மகள். மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் லாப்ரடார் மீனவர்களிடையே மருத்துவப் பணி செய்த வில்ஃபிரட் கிரென்ஃபெல். முதல் குழந்தையும் 1915இல் வெள்ளை மாளிகையிலேயே பிறந்தது. அதிபரின் மாப்பிள்ளை என்ற அந்தஸ்தை வைத்து வாஷிங்டனிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவர் 1917இல் ஹார்வர்டில் சட்டம் சொல்லிக்கொடுக்கப் போனார்.

சட்டக்காரர்கள் இன்றும் செயரை நினைவில் வைத்திருப்பது அவருடைய குற்றவியல் கட்டுரைகளுக்காக. 'குற்ற மனம்' என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்று 1932இல் ஒரு கட்டுரை. அடுத்த ஆண்டு அதற்கு நேர் எதிர்த் திசையில் இன்னொன்று. கலப்படப் பால் விற்றவரிடம் 'உன் மனதில் கெட்ட எண்ணம் இருந்ததா' என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது, விற்றாலே தண்டனை என்ற வகைக் குற்றங்கள் பெருகிவருகின்றன என்று காட்டி, அவற்றை எதுவரை அனுமதிக்கலாம் என்று கேட்டார். ஒரு விதி எப்போது, எதற்காக முளைத்தது, அந்தக் காரணம் இப்போதும் இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கும் ஆள் அவர்.

சயாம் தன் வெளியுறவு ஆலோசகர்களை ஹார்வர்டிலிருந்து எடுப்பது அப்போது வழக்கமாகிவிட்டிருந்தது. எட்வர்ட் ஸ்ட்ரோபெல், அவருக்குப் பின் வெஸ்டன்கார்ட் என்று வரிசையாக வந்தார்கள். ஏன் அமெரிக்கர்? ஆங்கிலேயரை வைத்தால் பிரெஞ்சுக்காரருக்குப் பிடிக்காது, பிரெஞ்சுக்காரரை வைத்தால் ஆங்கிலேயருக்குப் பிடிக்காது. பக்கத்தில் காலனி வைத்துக்கொண்டு எல்லைக்கு ஆசைப்படாத நாட்டுக்காரர் வேண்டும். 1923இல் அந்த இடத்துக்கு செயர் போனார்.

ஒரு பெட்டி நிறைய ஒப்பந்தங்கள்

பேங்காக்கில் ஓர் ஆண்டு கோப்புகளைப் படித்தார். 1924இல் ஜப்பானும் அமெரிக்காவைப் போலவே கையெழுத்திட்டது. மிச்சம் ஐரோப்பா. அந்தந்தத் தலைநகரத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது என்று, சயாமின் முழு அதிகாரம் பெற்ற தூதராகச் செயரே புறப்பட்டார். பாரிஸ், லண்டன், ஹேக், மாட்ரிட், லிஸ்பன், கோபன்ஹேகன் என்று தலைநகரம் தலைநகரமாகப் போனார்.

இங்கேதான் சட்டப் பேராசிரியர் என்பது கைகொடுத்தது. அவரிடம் கொடுக்க நிலம் இல்லை. மிரட்டப் படையும் இல்லை. இருந்த வாதம் இது: தனிக்கோர்ட்டு எதற்காக வந்தது? சயாமில் நவீன சட்டம் இல்லை, எங்கள் ஆட்களை நம்பி விட முடியாது என்றீர்கள். இப்போது 1908 முதல் குற்றவியல் சட்டம் இருக்கிறது, சிவில் சட்டம் பகுதி பகுதியாக வந்துகொண்டிருக்கிறது. காரணம் தீர்ந்துவருகிறது, விதி மட்டும் ஏன் இருக்க வேண்டும்?

'சட்டம் முழுதாக வரவில்லையே' என்பவர்களுக்கு, 1920 அமெரிக்க ஒப்பந்தத்தில் இருந்த ஓர் ஏற்பாட்டைக் காட்டினார். சயாம் கோர்ட்டிலேயே விசாரணை நடக்கட்டும். நியாயம் கிடைக்காது என்று தூதருக்குத் தோன்றினால் கேஸை அவர் தன்னிடம் இழுத்துக்கொள்ளலாம். எல்லாச் சட்டத் தொகுப்புகளும் வெளியாகி 5 ஆண்டு முடிந்ததும் அந்த உரிமையும் தானாகப் போய்விடும். எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்தது அந்த '5 ஆண்டு'. எழுபது ஆண்டுகளாக முடிவுத் தேதி இல்லாமல் கிடந்த சங்கிலிக்கு முதல்முறையாகத் தேதி வருகிறது. அதுவும் அந்தத் தேதி எவ்வளவு சீக்கிரம் வரும் என்பது லண்டன் கையிலோ பாரிஸ் கையிலோ இல்லை. சட்டத்தை எழுதி முடிக்க வேண்டிய சயாமின் கையில் இருக்கிறது.

1925 பிப்ரவரியில் பிரான்ஸ் கையெழுத்திட்டது. இந்தோசீனாவை வைத்துக்கொண்டு சயாமோடு அதிகம் உரசிய நாடே ஒப்புக்கொண்டபின் மற்றவர்கள் மறுக்கச் சங்கடப்பட்டார்கள். ஜூலையில் பிரிட்டன். பிரிட்டனுக்குக் கோர்ட்டைவிட லங்காஷயர் துணி மீதுதான் கவலை. பருத்தித் துணி, இரும்பு, உருக்கு, இயந்திரங்களுக்கு 10 ஆண்டுகள் 5 சதவீதத்துக்கு மேல் வரி போட மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டது. முழு வெற்றி இல்லைதான். ஆனால் இதிலும் ஒரு '10 ஆண்டு' இருப்பதைக் கவனியுங்கள். நெதர்லாந்து, ஸ்பெயின், போர்ச்சுகல், டென்மார்க், சுவீடன் அதே ஆண்டில் வந்தன. நார்வே, இத்தாலி, பெல்ஜியம் 1926இல். கடைசிப் பூட்டும் திறந்ததும் சயாம் 1927இல் தன் சொந்தச் சுங்க விகிதத்தைப் போட்டது.

அமெரிக்கப் புத்தகங்களில் இதை செயரின் தனி ஆட்டம் போல எழுதுவது உண்டு. அதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. 1885 முதல் 1923 வரை, 38 ஆண்டுகள், இளவரசர் தேவவோங் என்பவர் ஒருவரே வெளியுறவு அமைச்சராக இருந்து இந்தக் காயை மெதுவாக நகர்த்தியிருந்தார். அவருக்குப்பின் அவர் மகன் த்ரைதோஸ். நிலம் கொடுத்தது, போருக்குப் போனது, சட்டம் எழுதியது எல்லாம் சயாம்காரர்கள். கடைசிச் சுற்றைச் சாமர்த்தியமாக ஓடியவர் செயர்.

மன்னரின் கேள்வித்தாள்

1926இல் செயர் மறுபடி பேங்காக் போனபோது புதிய மன்னர் பிரஜாதிபோக் அவரிடம் 'சயாமின் பிரச்சினைகள்' என்ற தலைப்பில் ஒரு குறிப்பைக் கொடுத்தார். ஏறக்குறைய ஒரு கேள்வித்தாள். இந்த நாட்டுக்குப் பாராளுமன்றம் என்றைக்காவது வர வேண்டுமா? இப்போது தயாரா? பிரதமர் வேண்டுமா? வாரிசை மன்னரே தேர்ந்தெடுக்கலாமா? முழு முடியாட்சியின் மன்னரே இப்படிக் கேட்டது அபூர்வம்.

செயர் சில நாட்களில் பதில் எழுதினார், 12 பிரிவுகள் கொண்ட சிறிய அரசமைப்பு வரைவும் சேர்த்து. அதன்படி உச்ச அதிகாரம் மன்னரிடமே. மன்னர் ஒரு பிரதமரை நியமிப்பார், அவர் மன்னருக்குப் பதில் சொல்வார். பாராளுமன்றம் இப்போது வேண்டாம், படித்த வாக்காளர்கள் இல்லாமல் அது நடக்காது என்றார். மூத்த இளவரசர் தாம்ரோங்குக்குப் பிரதமர் யோசனையே பிடிக்கவில்லை. வரைவு கிடப்பில் போடப்பட்டது. 1932 ஜூன் 24 அன்று ராணுவத்தினரும் அரசு அதிகாரிகளும் சேர்ந்து முழு முடியாட்சியை முடித்துவைத்தார்கள்.

எனக்கு இந்த இடம் உறுத்துகிறது. ஓர் ஆண்டு முன்பு ஐரோப்பாவில், 'இந்த நாடு தன் கோர்ட்டை நடத்தத் தயார்' என்று வாதாடியவர், பேங்காக்கில் 'இந்த மக்கள் தங்களை ஆளத் தயாரில்லை' என்கிறார். 'இன்னும் தயாரில்லை' என்பதுதானே தனிக்கோர்ட்டுக்காரர்கள் எழுபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த வாதம்? அவருக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கேள்வி கேட்டவர் மன்னர், அவரும் படிப்படியான மாற்றத்தையே விரும்பினார்.

மிச்ச வாழ்க்கை

1933 ஜனவரியில் ஜெஸ்ஸி இறந்தார். அந்த ஆண்டு நவம்பரில் செயர் அமெரிக்க வெளியுறவுத் துறையின் உதவிச் செயலர் ஆனார். துறைச் செயலர் கார்டெல் ஹல்லின் கனவு, நாடுகளோடு பேசிப் பேசி வரியைக் குறைப்பது. 1934இல் வந்த சட்டம், இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் மூலம் சுங்கத்தைப் பாதிவரை குறைக்க அதிபருக்கு அதிகாரம் கொடுத்தது. அதை நடைமுறைப்படுத்திய முக்கிய ஆள் செயர். அதில் அவர் பயன்படுத்திய கருவி எது தெரியுமா? சயாமின் கையைக் கட்டியிருந்த அதே 'வர்த்தகத்துக்கு உகந்த நாடு' பிரிவு. ஒருவருக்குக் குறைத்தால் எல்லாருக்கும் குறையும். ஒருதலையாகப் போட்டால் விலங்காக இருந்தது, இருதரப்பும் மனமொத்துப் போட்டதில் ஏணியானது. 1947இல் உருவான காட் (GATT) என்ற பல நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின் முதல் பிரிவும் இதுதான். (இந்த வேலையில் செயரின் உதவியாளராக இருந்த ஆல்ஜர் ஹிஸ் பின்னால் உளவுக் குற்றச்சாட்டில் சிக்கி, பொய்ச் சாட்சி வழக்கில் ஜெயிலுக்குப் போனார். அது தனிக் கதை.)

1939இல் பிலிப்பைன்ஸுக்கான அமெரிக்க உயர் ஆணையராக மணிலா போனார். பிலிப்பைன்ஸ் அப்போது அரைச் சுதந்திர நாடு, 1946இல் முழுச் சுதந்திரம் என்று சட்டமே இருந்தது. அதிபர் மானுவல் குவெசோனுக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த நாற்காலி எசமானரின் நாற்காலி அல்லவா?

1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் குவெசோன், அமெரிக்கப் படைத் தளபதி ஜெனரல் மக்ஆர்தர், செயர் எல்லாரும் மணிலா விரிகுடா வாயிலில் உள்ள கொரெகிடோர் தீவுக்குப் போனார்கள். மலையைக் குடைந்து போட்ட மாலின்டா சுரங்கத்துக்குள் ஆஸ்பத்திரியும் தலைமையகமும் குடும்பங்களும் ஒன்றாக. செயரின் இரண்டாவது மனைவி எலிசபெத்தும் அவருடைய மகனும் கூட இருந்தார்கள். 1942 பிப்ரவரியில் 'ட்ரவுட்' நீர்மூழ்கி சுமார் 20 டன் தங்கத்தையும் வெள்ளியையும் ஏற்றிக்கொண்டு போனது. அதே மாதம் 'ஸ்வோர்டுஃபிஷ்' என்ற நீர்மூழ்கி குவெசோனைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, செயர் குடும்பத்தை ஏற்றியது. இரண்டு வாரத்தில் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் போய்ச் சேர்ந்தார்கள்.

போருக்குப் பிறகு 1947இல் ஐ.நா. பொறுப்பாட்சி மன்றத்தின் முதல் தலைவரானார். காலனிகளாக இருந்த சில பகுதிகளைத் தன்னாட்சியை நோக்கி நகர்த்துவது அந்த மன்றத்தின் வேலை. தன்னாட்சி கேட்டு மேற்கு சமோவா மக்கள் மனு அனுப்பியபோது, தீவுக்கே போய் விசாரித்த குழுவுக்கும் இவர்தான் தலைவர். சமோவா 1962இல் சுதந்திரம் பெற்றது. செயர் 1972 மார்ச்சில், 86 வயதில் காலமானார்.

முடிச்சு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. 1932க்குப் பின் வந்த சயாம் அரசு மிச்சமிருந்த சட்டங்களை விரைந்து எழுதி, 1935இல் தொகுப்பை முடித்தது. 5 ஆண்டு கடிகாரம் ஓடத் தொடங்கியது. அது முடியும்வரைகூடக் காத்திருக்காமல், 1936இல் பழைய ஒப்பந்தங்களை எல்லாம் முடித்துக்கொள்வதாக நோட்டீஸ் கொடுத்தது. இப்போது நோட்டீஸ் கொடுக்க வழி இருந்தது. பாரிஸில் சட்டம் படித்துத் திரும்பியிருந்த பிரிடி பனோம்யோங் வெளியுறவு அமைச்சராக உட்கார்ந்து, ஒவ்வொரு நாட்டோடும் சமநிலையில் புதிய ஒப்பந்தம் போட்டார். அமெரிக்காவோடு கையெழுத்தானது 1937 நவம்பர் 13 அன்று, பேங்காக்கில். அன்று வாஷிங்டனில், அமெரிக்க வெளியுறவுத் துறையின் உதவிச் செயலர் நாற்காலியில், அதாவது மேசையின் எதிர்ப்பக்கத்தில், இருந்தவர் பிரயா கல்யாண மைத்ரி.